அவளுக்காக நான் பார்த்தவை

நாங்கள் எட்டாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளிக்கூடத்தில் பூப்பந்து ஆட ஆள் கிடைக்கவில்லை. வாலிபாலுக்கும் த்ரோபாலுக்கும் போட்டி போட்டுக்கொண்டு பெயர் கொடுத்தார்கள். பூப்பந்துக்கு மட்டும் பி.டி. மிஸ் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கி ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. மட்டை கனம். மைதானத்தின் மூலையில் நிழலே இல்லாத மண் தரை. மஞ்சள் கம்பளி நூல் சுற்றிய அந்தச் சின்னப் பந்து கொஞ்சம் காற்றடித்தாலே திசை மாறிப் போகும். ஐந்து பேர் ஆடும் அணிக்கு மொத்தம் ஏழு பேர்தான் தேறினோம். அதில் அவளும் நானும் இருந்தோம்.

அதுவரை அவளை முகம் தெரியும், அவ்வளவுதான். அவள் ‘ஏ’ செக்‌ஷன், நான் ‘டி’. அவளுடைய வீடு சாந்தோமில், தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்துக்குள் இருந்தது. பல தலைமுறைகளாக அங்கேயே இருக்கும் குடும்பம். அம்மா கணக்கு டீச்சர். அப்பாவுக்குத் தபால் ஆபீஸில் வேலை. நான் மந்தைவெளி. என் அப்பா ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ‘என்ன’ என்பது ‘இன்னா’தான். முதல் நாள் நான் அவளிடம், “இன்னாடி, பேட்டை இப்படிப் புடிச்சிக்கினு நிக்கிறே?” என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, “நீ சொல்லிக் குடுக்கிறியா, சண்டைக்கு வர்றியா?” என்றாள்.

இரண்டு மாதத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க எங்கள் யாரிடமும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. காலை ஆறரை மணிப் பயிற்சியில் அவளை மடக்க ஆளே கிடையாது. வலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எகிறி வரும் பந்தை ஒரு தட்டுத் தட்டுவாள். அது எதிரே நிற்பவளின் காலடியில் போய் விழுந்து அப்படியே படுத்துவிடும். நான் அவளுக்குப் பின்னால், கோர்ட்டின் கடைசியில் நிற்பேன். அவள் விட்டதை நான் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் அதிகம் விடமாட்டாள் என்பதால் எனக்குக் காலையில் வேலை குறைவு.

ஒன்பதாம் வகுப்பில், வட்டாரப் பள்ளிகளுக்கு இடையிலான ஜோன் மேட்சுகள் நெருங்கியபோது மிஸ் மாலையிலும் எங்களை நிறுத்திவைத்தார். அப்போதுதான் கவனித்தேன். ஆறு மணி தாண்டி வெளிச்சம் மங்க ஆரம்பித்ததும் அவள் வேறு ஆளாகிவிடுவாள். நேரே வரும் பந்தைக்கூட விடுவாள். பந்து போய் விழுந்த பிறகு மட்டையை வீசுவாள். மற்றவர்கள் களைப்பு என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒருநாள் பயிற்சி முடிந்து கச்சேரி ரோட்டில் நடந்துகொண்டிருந்தோம். கரண்ட் போய்விட்டது. தெரு முழுக்க இருட்டு இல்லை. கடைகளில் மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள், வண்டிகளின் விளக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. எனக்கு எல்லாம் தெரிந்தது. அவள் சட்டென்று என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். இரண்டடி போவதற்குள் ஓரமாக நிறுத்தியிருந்த சைக்கிளில் முட்டி அதையும் தள்ளிக்கொண்டு விழுந்தாள். முழங்காலில் ரத்தம்.

“இன்னாடி, எதிர்ல சைக்கிள் நிக்குது, தெர்ல உனக்கு?”

“தெரியல.”

“விளையாடுறியா?”

“நிஜமா தெரியலடி. சாயங்காலம் ஆனா எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீ எங்க நிக்கிறேன்னுகூடத் தெரியல, உன் குரலை வச்சுத்தான் பேசுறேன்.”

அவளைச் சாந்தோம் வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். வழியில் எல்லாவற்றையும் சொன்னாள். அவளுடைய அப்பாவும் இருட்டினால் சைக்கிள் எடுக்க மாட்டாராம். மாலைக்கண், கேரட்டும் முருங்கைக்கீரையும் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக் கண் முகாமில் அவள் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்தாள். பார்வை பிரமாதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பகலிலும் பக்கவாட்டில் வருவது எதுவும் தெரிவதில்லை, நேரே பார்ப்பது மட்டும்தான் தெரிகிறது என்று சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டு வாசலில் நின்று, “யார்கிட்டயும் சொல்லிடாத. மிஸ்ஸுக்குத் தெரிஞ்சா டீம்லேருந்து எடுத்துடுவாங்க” என்றாள்.

நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒன்று செய்தேன். பின்னால் நிற்பதால் எனக்குக் கோர்ட் முழுவதும் தெரியும். பந்து அவளுடைய பக்கவாட்டில் வந்தால் “வலது” அல்லது “இடது” என்று கத்துவேன். தலைக்கு மேல் போனால் “விடு” என்பேன். அவள் கண்ணால் தேடாமல் என் சொல்லுக்கு மட்டையை நீட்டப் பழகினாள். ஒரு மாதத்தில் அது எங்களுக்கு மூச்சு விடுவது போல ஆகிவிட்டது. எனக்கு வாய் ஜாஸ்தி என்று அணியில் பேர் வந்தது. மிஸ் ஒருமுறை, “உனக்கு ஆட்டமே தொண்டையிலதான் இருக்கு” என்றார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் நின்றோம்.

அந்த மூன்று வருடங்களும் பயிற்சி முடிந்து அவளை வீட்டில் விட்டுவிட்டுத்தான் மந்தைவெளிக்குத் திரும்புவேன். எனக்கு அது சுற்று வழி. தினமும் தாமதத்துக்கு அம்மாவிடம் திட்டு வாங்குவேன். அவளுடைய அம்மா எனக்கு ஒரு டம்ளர் பால் தருவார். ஏன் இந்தப் பெண் தினமும் கூட வருகிறாள் என்று அவர் கேட்டதே இல்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

பதினொன்றாம் வகுப்பில் ஜோன் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். நந்தனம் பக்கம் ஒரு மைதானம். மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது. திடீரென்று பெய்த மழையால் தரையைத் துடைத்து மணல் போட்டுத் தொடங்க நான்கு மணியாகிவிட்டது. முதல் ஆட்டம் எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவது ஆட்டத்தின் பாதியில் ஆறு மணி இருக்கும். மேகம் வேறு மூடியிருந்தது. பக்கம் மாறும்போது அவள் என் அருகில் வந்தாள்.

“பந்து தெரியல.”

“பக்கத்துல வர்றதா?”

“எதுவுமே. மஞ்சளே தெரியல.”

வெளியே மாற்று ஆட்டக்காரி ஒருத்தி தயாராக உட்கார்ந்திருந்தாள். மிஸ்ஸிடம் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். “நான் போய் சொல்லட்டுமா?” என்று கேட்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

“வேணாம்டி. ப்ளீஸ். நீ சொல்லு, நான் அடிக்கிறேன்.”

நான் சொன்னேன், அவள் அடித்தாள். நான் கத்திக் கத்திச் சொல்லியும் ஒரு அளவுக்கு மேல் சொல்லால் பந்தைக் காட்ட முடியாது. கடைசி ஐந்து புள்ளிகளில் நான்கு அவள் விட்டது. ஒரு பந்து அவள் தோளில் பட்டு விழுந்தது. அவள் அப்போதும் எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

வேனில் திரும்பும்போது அவளோடு ஒருவரும் பேசவில்லை. ஒருத்தி மட்டும், “கோப்பையைத் தூக்கிக் குடுத்துட்டா” என்றாள். அடுத்த வாரம் மாவட்ட அணிக்கு எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பேரை எடுத்தார்கள். அதில் நான் இருந்தேன், அவள் இல்லை. முக்கியமான நேரத்தில் கவனம் சிதறுகிறது என்று மிஸ் காரணம் சொன்னார். நான் அவளிடம் போய், “இப்பவாவது சொல்லிடுறேன், அநியாயமா இருக்கு” என்றேன். அவள் யோசிக்கவே இல்லை.

“கண்ணு தெரியாதவன்னு சொல்றதுக்குப் பதிலா ஆடத் தெரியாதவன்னு சொல்லட்டும். விடு.”

நான் மாவட்ட அணியில் ஆடினேன். சான்றிதழ் வாங்கினேன். அந்தச் சான்றிதழை வைத்துத்தான் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. அவள் பிறகு மட்டையைத் தொடவில்லை.

நோய்க்குப் பெயர் தெரிந்தபோது எங்களுக்கு இருபத்திரண்டு வயது. அவள் பி.எட். முடித்திருந்தாள். அவளுடைய அப்பா அதற்கு முந்தைய வருடம் இறந்துபோயிருந்தார். கண் மருத்துவமனைக்கு அவளோடு நான்தான் போனேன். ஒரு இயந்திரத்தில் தாடையை வைத்துக்கொண்டு, உள்ளே வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். நான் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு டிக். பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு டிக். அவளுக்கு முன்னால் பரிசோதனை செய்துகொண்ட பெரியவர் இதைவிட வேகமாக அமுக்கியது ஞாபகம் வந்தது.

விழித்திரை மெல்லத் தேய்ந்துபோகும் பரம்பரை நோய் என்று சொல்லி, டாக்டர் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு, அதன் ஓரத்திலிருந்து பேனாவால் கறுப்பாக அடைத்துக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளை மிச்சம் இருந்தது. “இப்ப இவ்வளவு இருக்கு. இது மெதுவாக் குறையும். எவ்வளவு வருஷம்னு யாராலயும் சொல்ல முடியாது. மருந்து கிடையாதும்மா” என்றார். சின்ன வயதிலேயே தெரிந்திருந்தால் ஏதாவது செய்திருக்க முடியுமா என்று கேட்டேன். “குணப்படுத்தியிருக்க முடியாது. ஆனா அவங்க வாழ்க்கையைத் தெரிஞ்சு அமைச்சிருக்கலாம்” என்றார். அந்த வாக்கியத்தை நான் அன்று சரியாகக் கேட்டிருக்க வேண்டும்.

வெளியே வந்ததும் அவள் தி. நகருக்குப் போகலாம் என்றாள். பனகல் பூங்கா பக்கம் ஒரு கடையில் ஒரு மணி நேரம் துணி துணியாக எடுத்துப் பார்த்தாள். அடர்ந்த பச்சையில் ஒரு சுடிதார் வாங்கினாள். அழுவாள் என்று காத்துக்கொண்டே கூட நின்றேன். அவள் அழவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, “அம்மாகிட்ட நடுவுல இருக்கிற வெள்ளையை மட்டும் சொல்லுவோம்” என்றாள்.

மூன்று வருடம் கழித்து அவளுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை ஒரு தனியார் கம்பெனியில் இன்ஜினியர், அடையாறில் சொந்த ஃப்ளாட். அவரும் அவருடைய அம்மாவும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பகல் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தது அவளுடைய டீச்சர் அம்மாவின் ஏற்பாடு. அவள் பகலில் யாருக்கும் வித்தியாசம் தெரியாதபடி நடக்கப் பழகியிருந்தாள்.

அன்று மாலை என்னைக் கூப்பிட்டனுப்பினாள். மொட்டை மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம்.

“அம்மா சொல்ல வேண்டாங்கிறாங்க. இப்ப நல்லாத்தானே தெரியுது, வேலையும் இருக்கு, பின்னால மெதுவாச் சொல்லிக்கலாம்னு. நீ என்ன சொல்ற?”

எனக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு மாதம். தி. நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் வேலை. மாலையில் கணவர் வந்து வண்டியில் கூட்டிப்போவார். எனக்குக் கிடைத்ததெல்லாம் அவளுக்கும் கிடைக்க வேண்டும் என்ற அவசரம்தான் என் மனதில் இருந்தது. அவளுக்கு வந்திருக்க வேண்டிய சான்றிதழை நான் வாங்கிக்கொண்ட கடன் ஒன்று உள்ளே உறுத்திக்கொண்டும் இருந்திருக்கும். “சொல்லாத” என்றேன். “அவரு நல்லவரா இருக்காரு. பழகின பிறகு சொன்னா ஏத்துக்குவாரு. இப்ப சொன்னா அவங்க அம்மா எழுந்து போயிடுவாங்க.”

“சரி” என்றாள்.

கல்யாண வரவேற்பு மாலையில். மேடைக்கு மூன்று படி. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அவள் கூடவே நின்று, யார் கையை நீட்டுகிறார்கள், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். தோழி பிரிய மாட்டேன் என்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டார் கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள். படியிறங்கும்போது மட்டும் என் கையை இறுக்கினாள்.

இரண்டு வருடம் எப்படியோ ஓட்டினாள். ஃப்ளாட்டின் ஒவ்வொரு மூலையும் அவளுக்கு மனப்பாடம். வெளியே போவதைப் பகலோடு முடித்துக்கொள்வாள். பெண் குழந்தை பிறந்தது. “சொல்லிட்டியா?” என்று நான் கேட்கும்போதெல்லாம், “இந்த மாசம் சொல்லிடுறேன்” என்பாள். நான் வற்புறுத்தவில்லை.

குழந்தைக்கு எட்டு மாதம் இருக்கும்போது, ஒரு மாலை கரண்ட் போயிற்று. புழுக்கத்தில் குழந்தை அழுதது. காற்றாட வைத்திருக்கலாம் என்று தூக்கிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறாள். படிகளை எண்ணித்தான் இறங்கினாள். பாதியில் யாரோ ஒரு தண்ணீர் கேனை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அவளுக்கு நெற்றியில் நான்கு தையல். குழந்தைக்குக் கை எலும்பு முறிந்திருந்தது. மருத்துவமனையில் நான் போய்ச் சேர்ந்தபோது அந்தச் சின்னக் கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். விழுந்தது எப்படி என்று டாக்டர் கேட்டபோது எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

அவளுடைய கணவர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். குரல் உயர்த்தவே இல்லை.

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்போலேருந்து?”

“ஒன்பதாங்கிளாஸ்லேருந்து.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “முன்னாடியே சொல்லியிருந்தா நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேனான்னு எனக்குத் தெரியலங்க. சொல்லியிருக்க மாட்டேன்னுதான் நினைக்கிறேன். ஆனா அதை இனிமே யாரும் தெரிஞ்சுக்க முடியாது, இல்ல?” என்றார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை. ஒரு வருடம் முயன்று பார்த்தார். அவள் சமையலறைக்குப் போனால் பின்னால் போய் நிற்பார். குழந்தையை அவள் தூக்கினால் அவருடைய அம்மா ஓடிவந்து வாங்கிக்கொள்வார். எதைக் கேட்டாலும் இதுவும் பொய்யோ என்று தோன்றுகிறது என்று அவளிடமே சொல்லியிருக்கிறார். பிறகு அவருக்குப் பெங்களூருக்கு மாற்றல் வந்தது. அவள் போகவில்லை. குழந்தை அவரோடு போனது. வழக்கு, சண்டை எதுவும் இல்லை. அவளே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். ஏன் என்று நான் கத்தியபோது, “நான் ஒரு தடவை கீழ போட்டுட்டேன்டி” என்று மட்டும் சொன்னாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிறு காலை பெசன்ட் நகர் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தோம். நல்ல வெயில். அவளுக்கு இன்னும் அலை வெள்ளையாகத் தெரிந்த காலம் அது. நான் வழக்கம்போல ஏதேதோ பேசிக்கொண்டு வந்தேன். அவள் நின்றுவிட்டாள்.

“ஒண்ணு கேக்கணும். ஸ்கூல்ல சொல்லாதேன்னு நான் உன்கிட்ட கெஞ்சினேன். அது என் தப்பு. கல்யாணத்துக்கு முன்னாடி நான் கெஞ்சலையே. என்ன பண்ணட்டும்னு கேட்டேன். அம்மா வேணாம்னு சொல்லுவாங்கன்னு தெரியும். நீ ஒருத்தி சொல்லுன்னு சொல்லியிருந்தா நான் சொல்லியிருப்பேன்.”

“உனக்கு நல்லது நடக்கணும்னுதான்...”

“தெரியும். நீ நல்லதுக்குத்தான் சொன்னே. அதனாலதான் உன்னைத் திட்டக்கூட முடியல.”

அவள் திரும்பி ஆட்டோ நிற்கும் பக்கம் தனியாக நடந்தாள். நான் பின்னால் ஓடவில்லை. அதன் பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்த வருடத்தில் எனக்கு மகன் பிறந்தான். அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. தெருவில் யாராவது தடுமாறினால் என் வாய் தானாகத் திறக்கும், உடனே மூடிக்கொள்வேன்.

ஒரு வியாழக்கிழமை ஸ்கேன் சென்டர் போனில் அவள் குரல் வந்தது. பீடிகை எதுவும் இல்லை. “சனிக்கிழமை பாப்பாவைக் கூட்டிட்டு வர்றாங்க. சந்துக்குள்ள கார் வராது. ரோட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வரணும். நீ வர்றியா?”

“வர்றேன்” என்றேன். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல்லை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பின் பதினான்கு வருடங்கள் போயிருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சனிக்கிழமை அவள் மகள் வருவாள். நானும் லீவு போட்டுவிட்டு அங்கே இருப்பேன். என் தோழிக்குக் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை. புத்தகம் பார்க்காமலே ஆங்கிலம் நடத்துவாள். டாக்டர் காட்டிய அந்த வெள்ளை ரொம்பச் சுருங்கிப்போய், மகளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது கடைசியாக அவள் முகத்தை ஜன்னலோரம் நிறுத்தித் துண்டு துண்டாகப் பார்த்தாள். முதலில் ஒரு கண், பிறகு மூக்கு, பிறகு உதட்டோரம் இருந்த மச்சம். “போதுமாம்மா?” என்று குழந்தை நெளிந்தது. “போதும்” என்று விட்டுவிட்டாள்.

இடையில் ஒரே ஒரு நல்ல நாள் வந்தது. மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது அவளுடைய அப்பா அவளைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனார். முடிவு வந்ததும் எனக்குத்தான் போன் செய்தார். “பாப்பாவுக்கு அது இல்லையாம். அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க” என்றார். நான் வேலையைப் போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினேன். “இன்னாம்மா, ஆஸ்பத்திரி கேஸா?” என்று கேட்டார் ஆட்டோக்காரர். “இல்லண்ணா, நல்ல சேதி” என்றேன். “அப்ப ஏன் அழுதுகினு வரே?” என்றார். பள்ளிக்கூட வராந்தாவில் நின்று அவளிடம் சொன்னேன். அவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். டாக்டர் வட்டம் போட்ட நாளில் அழாததையெல்லாம் அன்று அழுதாள். வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

டீச்சர் அம்மா போய் இரண்டு வருடமாகிறது. இப்போது அவள் அந்தச் சந்து வீட்டில் தனியாக இருக்கிறாள். வெளிச்சம், இருட்டு என்ற வேறுபாடு மட்டும் தெரிகிறது. மகளுக்குப் பதினேழு வயது. உயரமான, அமைதியான பெண். அம்மாவை ‘நீங்க’ என்று கூப்பிடுவாள். கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்வாள். வந்த வீட்டில் எதையும் தொடாத விருந்தாளி போல நாற்காலி நுனியில் உட்காருவாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. வருடத்துக்கு நான்கு பகல்களில் ஒரு அம்மாவை எப்படிப் பழகிக்கொள்வது?

ஒவ்வொரு முறையும் மகள் கிளம்பும்போது அவள் வாசற்படியில் நிற்பாள், நான் பக்கத்தில் நிற்பேன். சந்தின் கடைசியில் கார் காத்திருக்கும். மகள் திருப்பத்தைத் தாண்டியதும் அவள் கேட்பாள்.

“திரும்பிப் பார்த்தாளா?”

“பார்த்தா. கை ஆட்டினா” என்பேன்.

மகள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. சின்ன வயதில் ஓடிப்போய்க் காரில் ஏறிக்கொள்வாள். பெரியவளான பிறகு கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடப்பாள்.

போன மாதம் மகள் வருவதாக இருந்த சனிக்கிழமை காலை, நாங்கள் இருவரும் மீன் வாங்க ஊரூர் குப்பத்துக்குப் போனோம். மகளுக்கு மீன் குழம்பு வைக்க வேண்டும் என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். படகுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்கார அம்மா, “இன்னாம்மா, வஞ்சிரம் கீது, சங்கரா கீது, இன்னா ஓணும்?” என்றார். அவள் ஒவ்வொரு மீனையும் தொட்டுப் பார்த்துச் செவுளை நிமிண்டி வஞ்சிரம் எடுத்தாள். வீட்டுக்கு வந்து தானே குழம்பு வைத்தாள். என்னை அடுப்பங்கரைக்குள் விடவில்லை.

மகள் பதினோரு மணிக்கு வந்தாள். கல்லூரியில் எந்தப் படிப்பு என்று பேசினார்கள். சாப்பிட்டார்கள். மூன்று மணிக்கு மகளின் கைபேசி அடித்தது. “அப்பா வந்துட்டாங்க. நான் கிளம்புறேம்மா” என்று எழுந்தாள். அம்மாவின் தோளை லேசாகத் தொட்டாள். சந்தில் நடந்தாள். திருப்பத்தில் மறைந்தாள்.

“திரும்பிப் பார்த்தாளா?”

வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது. ஏன் அன்று அது வெளியே வரவில்லை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவள் காலையிலிருந்து நின்றுகொண்டே சமைத்ததைப் பார்த்ததால் இருக்கலாம்.

“இல்ல” என்றேன்.

அவள் அசையவில்லை.

“போன தடவை?”

“போன தடவையும் இல்ல. எந்தத் தடவையும் இல்ல. நான்தான் சொன்னேன்.”

அவள் தலையை ஆட்டினாள். “தெரியும்டி. இந்தச் சந்துல நடக்கிற சத்தம் முழுசாக் கேக்கும். திரும்பிப் பார்க்கிறவங்க ஒரு செகண்ட் நிப்பாங்க. அவ நின்னதே இல்ல.”

“அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் கேட்டே?”

“நீ சொல்லும்போது கேக்க நல்லா இருந்துச்சு.”

நாங்கள் உள்ளே போனோம். மேசை மேல் மகளின் தட்டு அப்படியே இருந்தது. அவள் விரலால் தட்டைத் தடவிப் பார்த்தாள். சோறும் ரசமும் தீர்ந்திருந்தன. ஓரத்தில் மீன் துண்டு முழுதாக இருந்தது.

“மீனைத் தொடலையா?”

“தொடல.”

“பிடிக்காதோ என்னவோ” என்றாள். “இத்தனை வருஷமா நான் கேட்டதே இல்ல, பாரேன்.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். நான் குழம்புச் சட்டியை மூடி வைத்தேன்.